பச்சைப் பிள்ளையின் உடம்பு வைரஸை எப்படி எதிர்கொள்கிறது? ஒட்டுசுட்டான் தங்கைக்கு ஒரு பதில்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். சித்திரையில் பிறந்த முதல் பிள்ளைக்கு இப்போது நான்கு மாதம். "பச்சைப் பிள்ளைக்கு நோய் தாங்குகிற சக்தி துளியும் இல்லை" என்று சொல்லி அம்மம்மா பிள்ளையைப் படலை தாண்ட விடுவதில்லையாம். கர்ப்பக் கிளினிக்கில் எச்.ஐ.வி சோதனைக்கு இரத்தம் எடுத்தது இன்னும் அவர் மனதை உறுத்துகிறது. மாமியாருக்குக்கூட அதைச் சொல்லவில்லை. "தாய்க்கு அந்த வைரஸ் இருந்திருந்தால் அந்தச் சின்ன உடம்பு என்ன செய்திருக்கும்? வேறு வைரஸ்கள் வந்தால் என்ன செய்யும்?" இதுதான் அவருடைய கேள்வி. தாய் சேய் நலக் கிளினிக்குகளில் நெடுங்காலம் வேலை செய்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, அம்மம்மாவின் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை தாயையும் பிள்ளையையும் ஒதுக்கி வைத்திருந்த வழக்கத்தால் எத்தனையோ பிள்ளைகள் சளிக்காய்ச்சலில் இருந்து தப்பியிருக்கும். 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் முகாம்களில் கொப்பளிப்பானும் செங்கமாரியும் கூடாரத்துக்குக் கூடாரம் பரவியபோது, ஒதுங்கி இருக்க ஓர் அறைகூட இல்லாததன் துன்பத்தைக் கைப்பிள்ளை வைத்திருந்த தாய்மார் அறிவார்கள். ஆனால் "துளியும் சக்தி இல்லை" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு நோயெதிர்ப்பு உண்டு. அது வளர்ந்தவர்களுடையதைப் போல நடந்துகொள்வதில்லை. அப்படி நடக்காததற்குக் காரணமும் உண்டு. அந்தக் காரணம் விளங்கினால் எச்.ஐ.வி ஏன் பிள்ளைகளை அவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்பதும், அதே பிள்ளைகள் ஏன் சில இடங்களில் பெரியவர்களை விஞ்சுகிறார்கள் என்பதும் விளங்கும்.

ஒன்பது மாதம் பிள்ளை இருப்பது இன்னொருவருடைய உடம்புக்குள். தாயின் கலங்கள் பிள்ளைக்குப் பாதி அந்நியம். அவற்றில் சில சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) தாண்டிப் பிள்ளையின் நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே போய்த் தங்குகின்றன. அந்நியமான எதையும் தாக்குவதுதான் நோயெதிர்ப்பின் இயல்பு என்றால், பிள்ளை தாயின் கலங்களோடு மோதியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. தாயின் கலங்களைக் கண்ட பிள்ளையின் உடம்பு, தாக்குதலை அடக்கி வைக்கும் ஒழுங்காக்கி ரி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்களை உருவாக்கிக்கொள்கிறது என்பதை 2008இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது பொறுத்துப்போவதை.

பிறந்த பிறகும் அந்தப் பொறுமை தேவைப்படுகிறது. பிறந்த சில மணி நேரத்திலேயே தோலிலும் வாயிலும் குடலிலும் கோடானுகோடி பக்டீரியாக்கள் குடியேறத் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் நமக்கு வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் உடம்பு கொதித்தெழுந்தால் அந்த அழற்சியே பிள்ளையைக் கொன்றுவிடும். அதனால் பச்சைப் பிள்ளையின் காவற் கலங்கள் "தாக்கு" என்ற சமிக்ஞையைத் தயங்கித்தான் கொடுக்கின்றன. இன்டர்லூக்கின் 12, இன்டர்பெரோன் காமா என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்களும் பெரியவர்களைவிடக் குறைவாகவே சுரக்கின்றன. பக்டீரியா விடயத்தில் இந்தத் தயக்கம் பெரும்பாலும் நன்மை. வைரஸ் விடயத்தில் இதுவே ஆபத்து. வைரஸ் நம்முடைய கலத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. அதை ஒழிக்க வேண்டுமானால் உடம்பு தன் சொந்தக் கலத்தையே கொல்ல வேண்டும். அந்தக் கொலைக்கு உத்தரவு கொடுப்பவை இந்தச் சமிக்ஞைகள்தான்.

ஓரிரு வாரப் பிள்ளைக்குக் கடும் தொற்று இருந்தாலும் சிலவேளை காய்ச்சல் காயாது. உடம்பு குளிர்ந்து, பால் குடியாமல் சோர்ந்து கிடக்கும். தயங்கும் உடம்பின் குறி அது. "உடம்பு சுடவில்லைத்தானே" என்று ஆறுதலடைந்து அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, பால் குடிப்பதை விட்டாலும் சரி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்தத் தயக்கத்துக்கு ஈடாகத் தாய் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறாள். கிருமிகளோடு ஒட்டி அவற்றை முடக்கும் அவளுடைய பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் வழியே பிள்ளைக்குள் போகின்றன. ஐ.ஜி.ஜி என்ற வகை மட்டும் போகும். அதை ஏற்றிச் செல்வதற்கென்றே அங்கே ஒரு வாங்கிப் புரதம் இருக்கிறது. இந்த ஏற்றம் நான்காம் மாதமளவில் மெல்லத் தொடங்கினாலும் பெரும்பங்கு கடைசி வாரங்களில்தான் நடக்கிறது. நிறைமாதப் பிள்ளை பிறக்கும்போது அதன் இரத்தத்தில் தாய்க்கு நிகராக, சிலவேளை தாயையும் விடக் கூடுதலாக, ஐ.ஜி.ஜி இருக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கடைசி வாரங்கள் கிடைக்காமல் போய்விடுகின்றன. அதனால்தான் அவர்களைப் பற்றி இரட்டிப்புக் கவலை. தாய் வாழ்நாளில் கண்ட சின்னமுத்து, கொப்பளிப்பான், போட்டுக்கொண்ட தடுப்பூசி எல்லாவற்றின் நினைவும் இந்தப் பொதிக்குள் இருக்கிறது.

ஆனால் பொதி தீர்ந்துபோகும். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைகிறது. மார்கழி மழையில் நிறைந்த இரணைமடுக் குளம், சிறுபோகத்துக்கு நீர் விட விடத் தாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். தாய் தந்த ஐ.ஜி.ஜியும் அப்படித்தான் மாதாமாதம் தாழும். பிள்ளையின் சொந்த உற்பத்தி மெல்லத்தான் ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அடிமட்டம் மூன்று முதல் ஆறு மாதம் வரையில் வருகிறது. உங்கள் பிள்ளை இப்போது அந்த அடிமட்டத்தில் இருக்கிறது.

கொப்பளிப்பானைப் பாருங்கள். எங்கள் ஊர்களில் அதை அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நினைத்துக்கொள்வோம். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னர் தாய்க்குக் கொப்பளம் போட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், ஏனெனில் தாயின் உடம்பு பிறபொருளெதிரியை உருவாக்கி அனுப்புவதற்கு நேரம் கிடைத்துவிட்டது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை உள்ள இடைவெளியில் கொப்பளம் போட்டால் நிலைமை வேறு. வைரஸ் பிள்ளைக்குப் போய்விட்டது, காப்பு போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு உயிராபத்து உண்டு. கொப்பளிப்பான் பிறபொருளெதிரி ஊசியை உடனே கொடுக்க வேண்டும். வைரஸும் ஒன்று, பிள்ளையின் வயதும் ஒன்று. ஒரு கிழமை முன்பின்னாவதில் உயிர் தங்கியிருக்கிறது.

சின்னமுத்து ஊசி இலங்கையில் ஒன்பதாம் மாதத்தில் போடப்படுவதற்கும் இதுதான் காரணம். அதற்கு முன்னர் போட்டால் தாயின் பிறபொருளெதிரி ஊசியிலுள்ள வைரஸையே அடக்கிவிடும். பிள்ளையின் உடம்பு பாடம் படிக்காமல் போய்விடும். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் அது மறுபடி தலைகாட்டியது. அப்போது சில மாவட்டங்களில் 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு ஒரு மேலதிக ஊசி போட்டார்கள். காப்பு தாழ்ந்து ஊசிக்குக் காத்திருக்கும் அந்த மூன்று மாத இடைவெளியை மூடத்தான் அந்த ஏற்பாடு.

இனி எச்.ஐ.வி.

சிகிச்சை ஒன்றும் இல்லாமல் விட்டால், எச்.ஐ.வி உள்ள 100 தாய்மாரின் பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்கு அது தொற்றும். வயிற்றில் இருக்கும்போது கொஞ்சம், பிரசவ நேரத்தில் அதிகம், மீதி தாய்ப்பாலில். அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி நான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வேன்: ஒரு மருந்தும் இல்லாமலே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பிவிடுகின்றன. பிரசவ வழியில் தாயின் இரத்தத்தில் தோய்ந்து, மாதக்கணக்கில் வைரஸ் உள்ள பாலைக் குடித்தும் தப்புகின்றன. சூல்வித்தகம் ஒரு தடையாக நிற்கிறது. தாய்ப்பாலில் வைரஸ் இருந்தாலும் அதை முடக்கும் புரதங்களும் பிறபொருளெதிரிகளும் கூடவே இருக்கின்றன. குடலின் உட்சுவர் முழுமையாக இருக்கும்வரை வைரஸ் உள்ளே நுழைவது எளிதல்ல. தென்னாபிரிக்காவின் டர்பனில் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளைவிடத் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் சேர்த்துக் குடித்த பிள்ளைகளுக்கே எச்.ஐ.வி கூடுதலாகத் தொற்றியது என்று காட்டியது. சீனித் தண்ணீர், தேன், வசம்பு, மாக்கஞ்சி என்று நாம் அன்பாகப் புகட்டுபவை குடற்சுவரைக் குழப்பிவிடுகின்றன என்பதே பலரும் கொள்ளும் விளக்கம். எச்.ஐ.வி இல்லாத வீட்டிலும் இந்தப் பாடம் செல்லும்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

தப்பாத பிள்ளையின் கதை துயரமானது. பெரியவர் ஒருவருக்கு எச்.ஐ.வி தொற்றினால் முதற் சில வாரங்களில் வைரஸ் அளவு உச்சத்துக்கு ஏறி, வைரஸ் புகுந்த கலங்களைக் கொல்லும் கொல்லி ரி கலங்கள் களத்தில் இறங்கியதும் பல மடங்கு இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். பிறகு பல வருடங்கள் நோய்க்குறியே இல்லாமல் போகலாம். பிள்ளைக்கு அந்த இறக்கம் நடப்பதில்லை. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் இலட்சக்கணக்கில் ஏறிய வைரஸ் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. வருடக்கணக்கில்தான் மெல்லத் தாழ்கிறது. மருந்து கிடைக்காத பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. மரணம் உச்சமாக இருப்பது இரண்டாம் மூன்றாம் மாதங்களில்.

இவ்வளவு வேகம் ஏன்? முதலாவது, எச்.ஐ.வி தின்பது, மற்றக் காவற் கலங்களை வழிநடத்தும் சி.டி.4 ரி கலங்களை. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி, உடம்பின் அளவோடு ஒப்பிட்டால், பச்சைப் பிள்ளையில்தான் மிகப் பெரியது. அது இரவு பகலாகப் புதிய ரி கலங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆரோக்கியமான பெரியவரின் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் இந்தக் கலங்கள் 500 முதல் 1500 வரை இருந்தால், சில மாதப் பிள்ளையில் 3000 அளவில் இருக்கும். அத்தனையும் பெருகிக்கொண்டிருக்கும் கலங்கள். வைரஸ் விரும்புவதும் அவற்றையே. வளர்வதற்காக வைத்திருந்த செல்வம் எதிரிக்கு இரையாகிறது. இரண்டாவது, கொல்லி ரி கலங்களை ஏவும் சமிக்ஞை தயங்குவதைப் பற்றி மேலே சொன்னேன்.

மூன்றாவது காரணத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும். கொல்லி ரி கலம் வைரஸை அடையாளம் காண்பது எச்.எல்.ஏ என்ற புரதங்களின் உதவியால். ஒவ்வொருவருக்கும் அவை வேறு வேறு. பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வரும். எச்.ஐ.வி பல வருடம் தாயின் உடம்பில் இருந்து, அவளுடைய எச்.எல்.ஏ எதைக் காட்டிக்கொடுக்குமோ அந்தப் பகுதிகளை மாற்றி மாற்றித் தப்பப் பழகியிருக்கிறது. அப்படிப் பழகிய வைரஸ்தான் பிள்ளைக்குப் போகிறது. தாய் கொடுத்த பாதி ஆயுதங்களில் பல, போர் தொடங்குவதற்கு முன்னரே மழுங்கிவிடுகின்றன. 2001இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். வேறு யாரிடமிருந்து தொற்றியிருந்தாலும் பிள்ளைக்கு இந்தப் பாதகம் இவ்வளவு இருந்திராது.

இத்தோடு நிறுத்தினால் அம்மம்மா சொன்னதே சரி என்றாகிவிடும். கதையின் மறுபாதியும் இருக்கிறது.

எச்.ஐ.வி தன் உறையை இடைவிடாது மாற்றிக்கொள்வதால், பல வகை எச்.ஐ.வியையும் ஒருங்கே முடக்கும் பிறபொருளெதிரி பெரியவர்களில் சிலருக்கே உருவாகிறது; அதுவும் பல வருடத் தொற்றுக்குப் பிறகு. பிறபொருளெதிரியை உருவாக்கும் பி கலங்கள் அதைத் திருத்தித் திருத்தி நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் மாற்றிய பிறகே பலருக்கு அப்படி ஒன்று கிடைக்கிறது. தடுப்பூசி தேடுபவர்களை இத்தனை காலம் திணறடித்தது இந்தத் தடைதான். கென்யாவின் நைரோபியில் 1990களில் எச்.ஐ.வி உள்ள தாய்மாரையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்த ஆய்வில் சேமித்து வைத்த இரத்த மாதிரிகளை, ஜூலி ஓவர்பாவின் சியாட்டில் ஆய்வுகூடம் பின்னாளில் எடுத்துப் பார்த்தது. தொற்றிய பிள்ளைகள் பலரில் அந்த விரிந்த ஆற்றல் முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே தோன்றியிருந்தது. 2016இல் ஒரு பிள்ளையின் கலங்களில் இருந்து பி.எஃப்.520 என்ற பிறபொருளெதிரியைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இரத்தம் எடுத்தபோது அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது கடந்து சில மாதங்களே. பெரியவர்களுக்குத் தேவைப்படும் திருத்தங்களில் சிறு பங்கே அதில் இருந்தது. அப்படியிருந்தும் பல வகை எச்.ஐ.வியை அது முடக்கியது. எதற்கும் பழகாத புதிய பி கலங்கள் ஏராளமாக இருப்பதும், ஏற்கெனவே படித்த பாடங்களின் பாரம் இல்லாததும் இதற்கு உதவியிருக்கலாம். எச்.ஐ.வி தடுப்பூசியைச் சிறுவயதிலேயே கொடுக்கலாமா என்ற சிந்தனைக்கு அந்தக் கென்யப் பிள்ளைகள் வழி திறந்துவிட்டார்கள்.

இன்னொன்று. மருந்தே இல்லாமல் ஐந்து வயதைக் கடந்தும் நோய்க்குறி இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். அவர்களின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கிறது; சி.டி.4 கலங்களோ குறையவில்லை. வைரஸை அடக்கியதால் அவர்கள் பிழைக்கவில்லை. வைரஸைக் கண்டு உடம்பு கொதிக்காததால் பிழைத்தார்கள். ஆபிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்குகள் எச்.ஐ.விக்கு உறவான ஒரு வைரஸோடு நோயின்றி வாழ்வதும் இதே முறையில்தான். எயிட்ஸில் உடம்பை அழிப்பதில் வைரஸுக்கு உள்ள பங்கைப் போலவே ஓயாத அழற்சிக்கும் பெரும் பங்கு உண்டு. கருப்பையில் கற்ற பொறுமை, பெரும்பாலான பிள்ளைகளில் வைரஸுக்கு வாசல் திறந்துவிடுகிறது. இந்தச் சிலரில் அதுவே அவர்களைக் காத்துவிடுகிறது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. தென்னாபிரிக்காவில் எச்.ஐ.வி தொற்றிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழாம் வாரத்திலேயே மருந்து தொடங்கியபோது மரணம் நூற்றுக்கு 16இல் இருந்து 4ஆக இறங்கியது. அந்த முடிவுக்குப் பிறகுதான், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தொற்று உறுதியானவுடனே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் விதித்தது. 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கி, பதினெட்டு மாதமளவில் மருந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் வைரஸ் தென்படவேயில்லை. எல்லோரும் குணமாகிவிட்டது என்று நம்பியிருக்க, 2014இல் அது திரும்பி வந்தது. பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் நினைவுக் கலங்கள் குறைவாக உள்ள பச்சை உடம்பில் வைரஸ் ஒளிந்திருக்கும் கிடங்கும் சிறியது என்பதை அந்தப் பிள்ளை காட்டியது. மருந்தை நிறுத்தத் துணியக் கூடாது என்பதையும் காட்டியது.

உங்கள் இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் எச்.ஐ.வி, சிபிலிசு இரண்டுக்கும் சோதனை செய்கிறார்கள். உங்களில் சந்தேகப்பட்டு எடுத்த இரத்தம் அல்ல அது; சுகாதார வைத்திய அதிகாரியின் மனைவி கர்ப்பமானாலும் அதே குழாயில்தான் எடுப்பார்கள். தாய்க்கு வைரஸ் இருப்பது நேரத்தோடு தெரிந்து, அவர் மருந்து எடுத்து, பிள்ளைக்கும் பிறந்தவுடன் சில வாரம் மருந்துப் பாணி கொடுத்தால், நூற்றுக்கு 45 வரை போகக்கூடிய அந்தக் கணக்கு ஒன்று இரண்டுக்கு இறங்கிவிடும். இந்த வேலையை நாடு முழுவதும் ஒழுங்காகச் செய்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. மழை வெள்ளத்திலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தச் சோதனையை மாமியாரிடம் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய மற்ற மருமகளுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

எச்.ஐ.வி உள்ள தாயின் பிள்ளைக்குச் சாதாரண பிறபொருளெதிரிச் சோதனை செய்தால் பதினெட்டு மாதம் வரைகூடத் "தொற்று உண்டு" என்று காட்டலாம். அது காட்டுவது தாய் கொடுத்தனுப்பிய ஐ.ஜி.ஜியை. பிள்ளைக்கு வைரஸ் இருக்கிறதா என்று அறிய வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். முதற் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டுப் பிள்ளை போய்விட்டது என்று எந்தக் குடும்பமும் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தொற்றாமல் தப்பிய பிள்ளைகளையும் முதல் வருடம் கவனமாகப் பார்க்க வேண்டும். தாயிடமிருந்து அவர்களுக்குப் போகும் பிறபொருளெதிரி குறைவாக இருப்பதால் நிமோனியா, வயிற்றோட்டம் போன்றவை அவர்களை எளிதில் பிடிக்கின்றன.

மற்ற வைரஸ்களில் ஈரலழற்சி பி இந்தப் பொறுமையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பெரியவருக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தாமாகவே அதை வென்றுவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றிய பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். தாய்க்கு அது இருப்பது தெரிந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் இதற்கு நேர்மாறு: வயிற்றில் இருக்கும் பிள்ளைகூட அதற்கு எதிராக முதிர்ந்த கொல்லி ரி கலங்களை உருவாக்குகிறது. பிள்ளையின் உடம்புக்குத் தாக்கத் தெரியாது என்று யாரும் சொன்னால் நான் காட்டும் சாட்சி அது. மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி முதல் ஆறு மாதத்தில்தான் மூர்க்கமாக வருகிறது. 1960களில் அமெரிக்காவில் அதற்குச் செய்த ஒரு தடுப்பூசி, பிள்ளைகளின் உடம்பைத் தவறான பக்கம் திருப்பிவிட்டு நோயைக் கூட்டியது. இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். பிள்ளையின் நோயெதிர்ப்பைப் பெரியவருடையதன் சிறிய பதிப்பு என்று எண்ணியதற்குக் கொடுத்த விலை அது. இப்போது, 2023இல் இருந்து, கர்ப்பிணிக்கே ஊசி போட்டுப் பொதியை நிரப்பி அனுப்பும் வழி பல நாடுகளில் வந்துவிட்டது.

உங்கள் பிள்ளையைப் பொறுத்தவரை நான் உண்மையில் கவலைப்படும் வைரஸ் டெங்கு. எங்கள் மாகாணத்தில் வளர்ந்த பல பேருக்குத் தெரிந்தோ தெரியாமலோ டெங்கு வந்து போயிருக்கும். அப்படி வந்துபோன தாயின் பிறபொருளெதிரி முதல் சில மாதம் பிள்ளையைக் காக்கும். பிறகு அது தாழும்போது, வைரஸை முடக்கப் போதாத, ஆனால் வைரஸோடு ஒட்டிக்கொள்ளப் போதுமான ஒரு மட்டம் வருகிறது. அந்த நிலையில் பிறபொருளெதிரி வைரஸைக் காவற் கலங்களுக்குள் கொண்டுபோய் விடும் வாகனமாக மாறிவிடுகிறது. பெரியவர்களுக்கு இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாவதைப் போல, இந்தப் பிள்ளைகளுக்கு முதல் டெங்கே கடுமையாகிறது. அது பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத வயதில் நடக்கிறது. சித்திரையில் பிறந்த பிள்ளைக்கு அந்த வயது ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிகிறது: மழை பெய்து, சிரட்டையிலும் ரயரிலும் நீர் தேங்கி, நுளம்பு பெருகும் அதே மாதங்கள்.

ஆகவே அம்மம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். படலையைக் காவல் காப்பதைவிட, கிணற்றடியையும் வளவையும் கிழமைக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்துத் தேங்கிய நீரை ஊற்றிவிடட்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பிள்ளை பகலில் உறங்கும்போதும் வலைக்குள் கிடத்துங்கள். ஆறாம் மாத ஊசிக்கும் ஒன்பதாம் மாத ஊசிக்கும் குறித்த நாளில் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம். இரண்டாம் நாளும் காய்ந்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து, கைகால் குளிர்ந்து, சிறுநீர் குறைந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் அந்த இரவே முல்லைத்தீவு வைத்தியசாலைக்கோ கிட்ட உள்ள வேறு வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.